லெய்ஃப், முத்தையன்கட்டு

வரவு இடாப்பில் என் பெயர் வரும்போது
ரீச்சருக்கு ஒருகணம் நாக்குத் தடக்கும்.
முன்னால் லம்போதரன், பின்னால் லோகிதன்,
நடுவில் நான்.
லைப், லெய்ப்பு, லேபல்.
ஐந்தாம் வகுப்பு முழுக்க லைஃப்போய்;
சவர்க்காரம் என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

அப்பா வைத்த பெயர்.
இரண்டாயிரத்து இரண்டு, மார்கழி மழை.
வலதுகரை வாய்க்கால் ரோட்டில்
கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனம்
அச்சுவரை சேற்றில்.
அப்பாவின் மிசின் போய்ச் சங்கிலி போட்டு இழுத்தது.
நோர்வேக்காரன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
தானும் இறங்கித் தள்ளினான்.
சமாதானம் பற்றி அவன் என்ன சொன்னான் என்று
அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.
தள்ளினான் என்பார். முழங்கால்வரை சேறு என்பார்.
போகும்போது நெஞ்சைத் தொட்டு
ஒரேயொரு சொல் சொன்னானாம்.
அன்றிரவு நான்.

ஒட்டுசுட்டான் பதிவாளர் கேட்டிருக்கிறார்:
"இது சாமி பேரோ, இயக்கப் பேரோ?"
"சேத்திலை நிண்ட ஒரு ஆளின்ர பேர்."
அம்மா எடுத்து வைத்திருந்த பெயர்
சாத்திரியார் எழுதிய துண்டிலேயே தங்கிவிட்டது.

எழுதப் பழக்கியது அக்கா.
முற்றத்து மணலில் மூன்று குழி குத்தி,
"இது உனக்கு மட்டும் வாற எழுத்தடா,
அடுப்புக் கல் மாதிரி வை" என்றாள்.

பேர்கனிலிருந்து மாமி
போனில் சிரித்துச் சிரித்து இருமினாள்:
"அண்ணை, இங்க அது கிழவர்மாரின்ர பேர்.
எண்பது வயசு, கைத்தடி, மீன்பிடி வள்ளம்.
அங்க ஒரு பச்சைப் பாலகனுக்கு
கதிரித்தம்பி எண்டு வைச்ச மாதிரி."
அவளுடைய மகனின் வகுப்பில்
மத்தியாஸ் நாலு பேர்,
லெய்ஃப் ஒருத்தனுமில்லை.
நூறு வருடத்துக்கு முன்
கூப்பிட்டால் தெருவே திரும்புமாம்.
அதற்கும் தொள்ளாயிரம் வருடம் முந்தி
ஒருவன் அந்தப் பெயரோடு
பனிக்கடலில் மேற்கே, இன்னும் மேற்கே போய்
தன் சனம் அறியாத கரையொன்றில் இறங்கி
திராட்சை கண்டதாகக் கதை.

முல்லைத்தீவு மாவட்டத்தில், நானறிய, ஒன்று.
கூடவுமில்லை.
குறையப் பார்த்தது ஒருமுறை.

எனக்கு ஆறு வயது. ஓமந்தை. வரிசை. மேசை.
சீருடைக்காரன் பேனையை நிறுத்தி "லைஃப்?" என்றான்.
மொழிபெயர்த்தவள் என் உயரத்துக்குக் குனிந்தாள்:
"உயிர் எண்டோ தம்பி உங்கட பேர்?"
தலையாட்டினேன்.
அவள் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது.
குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில்
யாரையும் கேட்காமல்
ஒன்று என்று போட்டாள்.

போன வருடம்தான் மாமியிடம் பொருள் கேட்டேன்.
இருபத்தைந்து வருடம் அங்கிருந்தும் அவளுக்குத் தெரியாது.
கீழ்மாடியில் இருக்கும் கிழவரை,
அவரும் லெய்ஃப்தான்,
லிஃப்டில் மறித்துக் கேட்டு
குரல்பதிவு அனுப்பினாள்:
"வாரிசு எண்டு சொல்லலாமாம்.
சரியான பழைய சொல்லாம், தம்பி.
விட்டிட்டுப் போனது..."
ட்ராம் ஒன்று கடந்து போகும் சத்தம்.
"மிச்சம் எண்டும் சொல்லலாமாம்."
பிறகு அவசரமாக,
"உயிருக்கு அவங்கட சொல் வேற. லீவ்."

லீவ்.
எங்களுக்கு அது பள்ளிக்கூடம் பூட்டுகிற நாள்.

இப்போது ஒட்டுசுட்டான் சந்தியில் ரயர் கடை.
பெயர்ப்பலகை எழுத வந்தவர்
தகரத்தை அளந்து பார்த்துவிட்டு
வாயில் பென்சிலோடு சொன்னார்:
"ஆயுத எழுத்து வேண்டாம், தம்பி.
இடமும் காணாது. இல்லாட்டிலும் வாசிப்பினம்.
மூண்டு புள்ளிக்குப் பெயின்ற் வீண்."

"மூண்டையும் வையுங்கோ" என்றேன்.

வைத்தார். கிட்ட நின்று பார்த்தேன்.
மேலே உள்ளது கொஞ்சம் வழிந்தது;
துணியால் துடைக்கப் போனவரை
விடச் சொன்னேன்.